இருட்டுவதற்கு முன் சொல்லுங்கள்

எங்கள் பிரதேசத்தில் புயல், வெள்ள முன்னாயத்தத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள் இரண்டு விஷயங்கள் சொன்னீர்கள். கடந்த கார்த்திகையில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இவ்வளவு சேதம் வந்ததற்கு மக்கள் ஆயத்தமாக இருக்காததுதான் காரணம் என்பது ஒன்று. இந்த மாரிக்கு வீட்டுக்கு வீடு ஒரு துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுக்கப்படும், ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஏற்பாடும் ஒத்திகையும் நிதி இல்லாததால் இம்முறை கிடையாது என்பது மற்றது. மண்டபத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். யாரும் எழுந்து பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குச் சம்மதம் இல்லை. அதை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

துண்டுப்பிரசுரத்தை வரி வரியாக வாசித்தேன். கூரையைப் பலப்படுத்துங்கள், ஜன்னல்களை மூடுங்கள், குடிநீர் சேமியுங்கள், ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், அவசரத்துக்கு 117க்கு அழையுங்கள் என்று இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் எந்தக் கூரையை, எதைக் கொண்டு, எவ்வளவு நேரத்துக்குள் பலப்படுத்துவது என்று ஒரு வரியும் இல்லை. புயல் வருகிறது என்றால் வன்னியில் ஒரு வீடு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது தெரிந்தால்தான் எங்கள் மேல் சுமத்தியது எவ்வளவு அநியாயம் என்று உங்களுக்கு விளங்கும்.

இங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை. போருக்குப் பிறகு இந்திய உதவியில் ஐந்தரை இலட்சம் ரூபாவில் கட்டிய 550 சதுர அடி வீடுகள் இருக்கின்றன. பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் தவணைக் காசு இடையில் நின்றதால், சுவர் எழும்பி, மேலே பழைய தகரம் போட்டபடி நிற்கிற வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் கலியாணம் கட்டியதும் அதே வளவுக்குள் போட்ட கிடுகுக் கொட்டில்களும் இருக்கின்றன. ஓட்டு வீட்டில் காற்று முதலில் தூக்குவது ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டில் கொளுக்கி ஆணி துருப்பிடித்து விட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய சீற்றில் நேரே கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ வேண்டியதுதான், பலகை போட்டுத்தான் ஏறலாம். தகரக் கூரையில் கல்லையும் பழைய ரயரையும் சும்மா தூக்கி வைத்தால் பலத்த காற்றில் அவையே பறந்து ஆளை அடிக்கும். உரப்பைகளில் மண் நிரப்பி, இரண்டு இரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் தொங்கும்படி போட வேண்டும். அப்புறம் கூரைக்குக் குறுக்காகக் கயிறு இழுத்து, இரண்டு பக்கமும் ஆழமாக அடித்த முளைகளில் இறுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புயலின் நடுப்பகுதி ஊருக்கு மேலாகப் போனால் காற்று ஒரு பக்கத்திலிருந்து அடித்து, கொஞ்ச நேரம் ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வரும். 1964 மார்கழியில் வவுனியாவுக்கு மேலாகக் கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது என் அம்மா சின்னப் பிள்ளை. காற்று நின்றுவிட்டது என்று வெளியே ஓடாதே, அது திரும்பி வரும் என்பது அவர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். அடுத்தது, காற்று வரும் பக்கத்துக் கதவு ஜன்னலை முதலில் அடைக்க வேண்டும், ஒரு கதவு பிய்ந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் கூரையை உள்ளிருந்து தூக்கிவிடும் என்பது. இந்த இரண்டும் உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இல்லை.

கூரையோடு வேலை முடிவதில்லை. வீட்டின் மேல் சாய்ந்த முருங்கையையும் காய்ந்த தென்னோலையையும் வெட்ட வேண்டும். வளவுக்குள் கிடக்கிற தகரத் துண்டு, பலகை, வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுக்க வேண்டும், வெளியே விட்டால் காற்றில் அவையே ஆயுதம். வாய்க்காலின் வாயைத் துப்புரவாக்க வேண்டும். கிணற்றடியிலிருந்து தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றித் தூக்க வேண்டும், அது போனால் சிறுபோகத்துக்கு மரக்கறி இல்லை. இருக்கிற எல்லாப் பாத்திரத்திலும் பரலிலும் குடிதண்ணீர் நிரப்பி மூட வேண்டும். ஏனென்றால் வெள்ளம் ஏறியதும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிடும். விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் பரணுக்கு ஏற வேண்டும். காய்ந்த விறகை உள்ளே அடுக்க வேண்டும். அடுப்படி தண்ணீருக்குள் போனால் சமைக்க முடியாது என்பதால் வறுத்த அரிசிமா, ஒடியல், அவல், சீனி, தேயிலை என்று ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். லாம்புக்கு மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, ரோச் லைற். இவை எல்லாம் எங்களுக்கு யாரும் பிரசுரம் அடித்துச் சொல்லித்தந்தவை அல்ல.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. "முக்கிய ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள்" என்று வன்னியில் இருக்கிற ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன் நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். 2008, 2009இல் இங்கிருந்த சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் பொருட்களைக் கைவிட்டுக் கைவிட்டுக் கடைசியில் கையில் ஒரு பையோடு முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பிய சனம். அந்தப் பை இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி அதற்குள் இருக்கும். பல வீடுகளில் இன்னும் கிடைக்காத பிள்ளையின் படமும் அவருக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் இருக்கும். அந்தப் பையை எடுப்பதற்கு எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். புறப்படுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். எப்போது புறப்பட வேண்டும் என்பதுதான் எங்களுக்கு யாரும் சொல்லாதது.

இனி மாடுகள். உங்கள் பிரசுரத்தில் கால்நடை என்ற சொல்லே இல்லை. இந்த ஊரில் பால் காசில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு போகிறது. வெள்ளம் வருகிறது என்றால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும், கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கிச் சாகும். ஆனால் அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் இந்தப் பக்கத்துக் கடலால் போனபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. வெள்ளத்தில் இல்லை. மழையில் நனைந்தபடி வெட்டவெளியில் குளிர்காற்றில் நின்று விறைத்துச் செத்தன. விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் பட்டி முழுக்கப் படுத்துக் கிடந்தது என்று அழுதவர்களை நான் நேரே கண்டிருக்கிறேன். ஆகவே மாட்டுக்கு மேடும் வேண்டும், காற்று மறைப்பும் வேண்டும். கன்றுகளுக்காவது கூரை வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி மேடான நிலம் இருக்கிறது. மரமும் இருக்கிறது, அது காற்றை மறைக்கும். ஆனால் அது எல்லைக்கல் போட்ட காடு. அங்கே பட்டியைக் கொண்டு போனால் வழக்கு வரும் என்று விரட்டுகிறார்கள். கடந்த கார்த்திகையிலும் விரட்டினார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்த பின்னேரம் ஒரு பட்டியைத் திருப்பித் தாழ்வான வயலுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதில் எத்தனை மிஞ்சின என்று அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். அவர் ஆயத்தமாக இருக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே உங்களால் சொல்ல முடியாது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஒரு தகரக் கூரையைக் கயிற்றால் இறுக்க இரண்டு பேருக்கு அரைநாள் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளுக்குப் பெண்தான் தலைவி. ஏறக்கூடிய ஆம்பிளைகள் கொஞ்சப் பேர், ஏணி அதைவிடக் குறைவு. ஒரு வீட்டுக் கூரை முடிந்த பிறகுதான் அதே ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பட்டியை மேட்டுக்குச் சாய்க்க அரைநாள். படுக்கையில் இருக்கிற என் அம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டு ஏற்றிக்கொண்டு போக வாகனம் பிடிக்க வேண்டும். அதே வாகனத்துக்கு ஊர் முழுக்கக் காத்திருக்கும். இவை எல்லாம் வெளிச்சத்தில் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள். இருட்டிலே மழையிலே கூரையில் ஏற முடியாது. இருட்டில் வாய்க்காலுக்கும் ஒழுங்கைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே எங்களுக்கு வரும் எச்சரிக்கை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வந்தால் அது எங்கள் வீட்டுக்கு எந்த உதவியும் செய்யாது, பதிவேட்டில் உங்களுக்கு ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

கடந்த கார்த்திகையில் என்ன நடந்தது? பகலில் என் தொலைபேசிக்குச் சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம், அவளுக்கும் பாதிதான் விளங்கியது. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. உயிர் காக்கும் செய்தியிலாவது அது நடைமுறைக்கு வர வேண்டாமா? சரி, விளங்கிய பாதியில் கனமழை என்று இருந்தது. கனமழைக்கு ஏற்ற வேலைகளை நாங்கள் செய்தோம். எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற குளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரவு மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் நின்றது, அதோடு 117உம் இல்லை. நடுச்சாமத்தில் வாய்க்கால் கரையோரத்து வீட்டுப் பொடியன் ஓடிவந்து குளத்து வான்கதவைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் வருகிறது என்று கத்தினான். அவன் கத்தி முடிக்கும்போது வாசலில் தண்ணீர் நின்றது. அம்மாவைக் கதிரையோடு தூக்கினோம். தம்பிக்கு 2009இல் போன காலுக்குப் பதிலாகச் செயற்கைக் கால். அது சேற்றில் இறங்காது, ஆகவே அதைக் கழற்றி அவன் தோளில் கொளுவிக்கொண்டு என் தோளைப் பிடித்து வந்தான்.

குளத்துக் கதவைத் திறந்தது பிழை என்று நான் சொல்லவில்லை. திறக்காமல் அணைக்கட்டு உடைந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கீழே இருப்பவர்களுக்குச் சொல்லாமல் திறந்ததுதான் பிழை. குளத்துக்குத் தண்ணீர் திடீரென்று வருவதில்லை. வவுனியாப் பக்கத்தில் விழுகிற மழை கனகராயன் ஆற்றால் இறங்கிக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும். எங்கள் குளம் அவ்வளவு பெரியதில்லை, ஆனாலும் அதற்கும் மேலே ஆறு இருக்கிறது, மழைமானி இருக்கிறது, குளக்கட்டில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் நிற்கிறது. இரணைமடுவில் 36 அடி என்றால் குளம் நிறைந்துவிட்டது என்று கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மட்டம் மணிக்கு மணி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, இன்றிரவு திறக்க வேண்டி வரலாம் என்று மத்தியானமே தெரிந்திருக்கும். அந்த மத்தியானம் எங்களுக்குக் கிடைக்க வேண்டியது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோதும் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த நேரம் பற்றி மாகாணம் முழுக்கப் பேச்சானது. அதிலிருந்து இத்தனை மாரி வந்து போய்விட்டது.

இதெல்லாம் முன்கூட்டி அறிய முடியாத இயற்கைச் சீற்றம் என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். 1964 மார்கழி, மட்டக்களப்பை அழித்த 1978 கார்த்திகை, திருகோணமலையால் ஏறிய 2000 மார்கழி, இடம்பெயர்ந்த சனத்தின் தறப்பாள்களை வெள்ளத்தில் மிதக்கவிட்ட 2008 கார்த்திகை நிஷா, 2020 மார்கழி புரெவி, 2022 மார்கழி மாண்டஸ், 2025 கார்த்திகை டித்வா. எல்லாம் கார்த்திகையும் மார்கழியும்தான். வருகிற காலம் தெரிந்த விருந்தாளிக்குக்கூட நாங்கள் முதல்நாளே அரிசி ஊறவைக்கிறோம். புரெவியின்போது இதே அரசாங்க இயந்திரம் நன்றாக வேலை செய்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறுவதற்கு முன்னரே கரையோரச் சனத்தை நகர்த்திவிட்டார்கள். முல்லைத்தீவில் வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டவும் வாடிகளில் இருந்த வலைகளையும் எஞ்சின்களையும் எடுக்கவும் கடற்றொழிலாளருக்கு நேரம் கிடைத்தது. காற்றுக்காகச் செய்ததைக் குளத்து வெள்ளத்துக்காகவும் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. டித்வாவில் நாடு முழுக்க 600இற்கும் மேற்பட்ட உயிர்கள் போனதும் காற்றால் இல்லை, மழையும் மண்சரிவும் வெள்ளமும்தான் கொன்றன.

நம்மைவிட ஏழைகள் வாழும் ஒடிசாவில் 1999 புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் பைலின் அதே கரையில் ஏறியபோது செத்தவர்கள் ஐம்பதுக்குள். பைலினும் மிகப் பலத்த புயல்தான். இடையில் கட்டிய தங்குமிடங்களும், முன்கூட்டியே பல இலட்சம் பேரை நகர்த்தியதும், ஊர் ஊராகப் பழக்கிய ஆட்களும்தான் காரணம். பங்களாதேஷில் 1970 புயலில் மூன்று இலட்சம் பேருக்குக் குறையாமல் மாண்ட பிறகு கிராமத்துத் தொண்டர்களுக்குக் கையில் ஒலிபெருக்கி கொடுத்துப் பழக்கினார்கள். இன்றைக்கும் அந்த ஏற்பாடு நடக்கிறது. நீங்கள் நிதி இல்லை என்று வெட்டியது அதே ஒலிபெருக்கியைத்தான். பிரசுரம் அச்சடித்த காசில் ஒரு ஓட்டோவுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு மாரிக்குரிய செலவைப் பார்த்திருக்கலாமே.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று இரவு நாங்கள் போய்ச் சேர்ந்த பாதுகாப்பான இடம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் வேறு ஊரில் இருக்கிறார், பாதையில் தண்ணீர். நனைந்த பிள்ளைகளோடும் என் அம்மாவோடும் தாழ்வாரத்தில் நின்றோம். பிறகு பூட்டை உடைத்தோம். மலசலகூடத்துக்கு வெளிச்சம் இல்லாததால் பெண் பிள்ளைகள் விடியும்வரை தண்ணீரும் குடிக்காமல் இருந்தார்கள். மேல்மாடி காய்ந்திருந்தது, ஆனால் செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் இருப்பவர்கள் எப்படி ஏறுவது? வன்னியில் அப்படியானவர்கள் ஒருவர் இருவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளம் வற்றிய பிறகு நடக்கிறவையும் உங்கள் பிரசுரத்தில் இல்லை. இங்கே இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்தால் புதைந்து கிடந்த வெடிபொருட்கள் இடம் மாறும், எச்சரிக்கைப் பலகைகளும் அடித்துக்கொண்டு போகும். ஆகவே தப்பிப் போகும்போது பற்றைக்காட்டுக் குறுக்குவழியில் போகக் கூடாது, மாட்டைத் தேடிப் போகும்போதும் பழகிய பாதையை விட்டு இறங்கக் கூடாது, தெரியாத இரும்பைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பாம்புகள் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும், பாயை உதறாமல் படுக்கக் கூடாது. வெள்ளம் புகுந்த கிணற்றை அவசரப்பட்டு ஒரேயடியாக இறைத்தால், சுற்றுமண் ஊறியிருக்கிறபடியால் கட்டு இடிந்து விழலாம். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, சுகாதாரப் பகுதியினர் தரும் குளோரின் போட்டு, அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அதனால் சாவுகள் நடந்தன. அதற்கு முற்காப்பாக வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இதை அச்சடித்திருந்தால் நான் அந்தத் தாளைக் கதவில் ஒட்டியிருப்பேன்.

2004 மார்கழி 26இல் கடல் வந்து முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போன பிறகு, 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. சாவுகளைப் பார்த்த பிறகு எழுதிய சட்டம் அது. அதன் கீழ் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. எங்கள் பங்கை நாங்கள் செய்வோம், செய்துகொண்டுதான் இருக்கிறோம். உங்களிடம் கேட்பவை இவை.

ஒலிபெருக்கி அறிவிப்பை நிறுத்திய முடிவை மாற்றுங்கள். கோயிலிலும் தேவாலயத்திலும் இருக்கிற ஒலிபெருக்கிகளை மின்கலத்தில் ஓடும்படி செய்து, பொறுப்பாக ஊருக்குள் குடியிருக்கிற இரண்டு பேரை நியமித்துப் பழக்குங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தொலைபேசி நின்றாலும் அவர்களுக்குச் செய்தி வந்துசேர என்ன வழி என்பதையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், ஆள் அனுப்புவதாக இருந்தாலும் சரி.

குளத்துக் கதவு இரவில் திறக்க வேண்டி வரலாம் என்ற நிலை வந்தவுடனே, அன்று பகல் வெளிச்சம் இருக்கும்போதே, எந்தெந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று தமிழில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் திறக்க நேராமல் போனால் நாங்கள் கோபப்பட மாட்டோம். வீணாக மாட்டை ஓட்டினோம் என்று இந்த ஊரில் யாரும் உங்களிடம் வழக்காட வரமாட்டார்கள். இதைச் செய்வதற்குக் குளத்துக்குப் பொறுப்பானவர்களும் உங்கள் அலுவலகமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த ஒழுங்கைக் கார்த்திகைக்கு முன் எழுத்தில் வெளியிடுங்கள்.

கயிறு, தறப்பாள், உரப்பை, கொளுக்கி ஆணி, கூரை மரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டி ஆகியவற்றை வெள்ளம் வந்த பிறகு நிவாரணமாகக் கொண்டுவராமல் ஐப்பசி பிறக்க முன் கிராம மட்டத்தில் இறக்குங்கள். முதலில் முடிக்காத வீடுகளுக்கும் கொட்டில்களுக்கும் கொடுங்கள். இரண்டு ஏணியும் தாருங்கள், பொதுவில் வைத்துக்கொள்கிறோம்.

சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்களில் மேட்டுக் காட்டோரத்தில் பட்டிகளை நிறுத்த எழுத்தில் அனுமதி எடுத்துத் தாருங்கள், எந்த இடம் என்று இப்போதே எங்களோடு நடந்து வந்து குறியுங்கள். பள்ளிக்கூடச் சாவியின் பிரதியை ஊருக்குள் இருக்கும் இருவரிடம் கொடுங்கள். கீழ்த்தளத்தில் உயரமான ஒரு அறையும் அதற்குச் சாய்தளமும் மலசலகூடத்துக்குச் சூரிய மின்விளக்கும் போடுங்கள். நடக்க முடியாதவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் யார் என்ற பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிராம அலுவலரிடமும் இருக்கிறது, அவர்களை முதல் வாகனத்தில் ஏற்றுங்கள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்குக் கார்த்திகைக் கிளினிக்கிலேயே கூடுதலாக இரண்டு கிழமை மருந்து கொடுக்கச் சொல்லிச் சுகாதாரப் பகுதிக்கு எழுதுங்கள்.

துண்டுப்பிரசுரத்தை மீளப்பெற்று, இந்தப் பகுதிப் பெண்களோடும் விவசாயிகளோடும் கடற்றொழிலாளரோடும் உட்கார்ந்து திரும்ப எழுதுங்கள். ஒரு பின்னேரம் போதும். கூப்பிட்டால் நான் வருவேன், என் ஒழுங்கையே வரும்.

கடைசியாக, போன கிழமைக் கூட்டத்தின் குறிப்பில் மக்கள் ஆயத்தமாக இருக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்த வரியை நீக்குங்கள். சேத விபரம் எடுக்கும்போது அந்த வரியைக் காட்டி ஒரு வீட்டின் இழப்பீடும் குறைக்கப்படக் கூடாது. இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்ற பதிலைப் புரட்டாசி முடிவதற்குள் தமிழில் எழுதி, கிராம அலுவலர் அலுவலகத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
குளத்துக்குக் கீழே குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவி,
வன்னி